குணமான பழந்தின்னி வௌவாலைத் திரும்ப மரத்துக்கு அனுப்புவது எப்படி

மாஞ்சா நூல் இறக்கையை அறுத்தது, பழத்தோட்ட வலையில் சிக்கியது, மின்கம்பியில் செத்த தாயின் மார்பைப் பிடித்தபடி விழுந்து கிடந்த குட்டி என்று பல விதமாக வருகின்றன பெரிய பழந்தின்னி வௌவால்கள். இறக்கையை விரித்தால் 1.2 முதல் 1.5 மீட்டர். எடை 600 கிராமிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை. காயம் ஆறி, கூண்டுக்குள் நாலு முறை இறக்கை அடித்ததும் "அதான் பறக்குதே, விட்டுடலாம்" என்று தோன்றிவிடும். பெரும்பாலான தவறுகள் அந்த அவசரத்தில்தான் நடக்கின்றன. கூண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவுவது ஒன்று. இருட்டில் பல கிலோமீட்டர் போய், பழம் தேடித் தின்று, விடிவதற்குள் கூட்டத்தோடு வந்து அடைவது முற்றிலும் வேறு. இரண்டாவதைச் செய்யக்கூடிய வௌவாலை மட்டும்தான் விட வேண்டும்.

தமிழ்நாட்டில் வனத்துறைக்குத் தெரியப்படுத்தி இந்த வேலையைச் செய்யும் மீட்பாளர்களுக்கும், அவர்களுக்கு உதவும் கால்நடை மருத்துவர்களுக்கும் உரிய வழிமுறை இது.

முதலில் அனுமதியும் ஊசியும்

1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால் நெடுங்காலம் எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில்தான் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. பெரிய பழந்தின்னி இப்போது இரண்டாம் அட்டவணையில் பாதுகாக்கப்படும் உயிர். ஆகவே மீட்ட 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த நாளில் விடப்போகிறீர்கள் என்பதையும் வனச்சரக அலுவலகத்துடன் எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வௌவாலைத் தொடுபவர் யாராக இருந்தாலும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். வழக்கமான முறையில் முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். தடுப்பூசி போடாத ஆளுக்கு இந்த வேலையில் இடமில்லை. தூரத்தில் நின்று டார்ச் பிடிக்கட்டும். கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே ஊசி போட்டவருக்கும் கடிக்குப் பின் கூடுதல் ஊசி உண்டு.

நிபா வைரஸ் இன்னொரு கவலை. 2018இல் கோழிக்கோட்டில் தொடங்கி கேரளத்தில் அது பல முறை தலைகாட்டியிருக்கிறது. அதன் இயற்கை உறைவிடம் இதே பெரிய பழந்தின்னிதான். அதற்குத் தடுப்பூசி கிடையாது. என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் கூண்டுக்குள் நுழையக்கூடாது. எச்சில், சிறுநீர், சப்பித் துப்பிய சக்கை மூன்றையும் வெறுங்கையால் தொடக்கூடாது. பக்கத்து மாவட்டத்திலோ கேரள எல்லையிலோ நிபா எச்சரிக்கை இருந்தால் விடுவிப்பைத் தள்ளிப் போட்டு, துறை சொல்வதைக் கேளுங்கள். வௌவாலைப் பற்றிப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மீட்பாளர் ஒருவருக்கு நோய் வந்தால், அந்த ஊர் மரத்தில் தொங்கும் அத்தனை வௌவால்கள் மீதும் கோபம் திரும்பும், மரத்தையே வெட்டிவிடுவார்கள்.

விடத் தகுதியானதா என்று பார்ப்பது

துண்டில் சுற்றிப் பிடித்து, ஒவ்வொரு இறக்கையாக விரித்து, பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். சவ்வில் உள்ள ஓட்டை, மெலிந்த இடம், ரத்தம் ஓடாத பகுதி எல்லாம் அப்போதுதான் தெரியும். சவ்வின் நடுவே சிறு ஓட்டை இருப்பது பெரிய குறையில்லை. வௌவாலின் இறக்கைச் சவ்வு வியப்பூட்டும் வேகத்தில் தானே மூடிக்கொள்ளும், புதுத் தோல் வெளிறிய இளஞ்சிவப்பில் தெரியும். ஆனால் பின்விளிம்பு வரை கிழிந்திருந்தால் அது துணி கிழிவது போல நீண்டுகொண்டே போகும். தோளிலிருந்து கட்டைவிரல் வரை ஓடும் முன்விளிம்புச் சவ்வு போயிருந்தாலோ, சுருங்கி இறுகி இறக்கையை முழுதாக நீட்ட விடாமல் செய்தாலோ, அந்த வௌவால் மேலெழும்பிப் பறப்பது கடினம். முள்கம்பிக் காயங்களில் அடிக்கடி பறிபோவது இந்த முன்விளிம்புதான்.

வலையில் சிக்கியதும் மின்சாரம் பாய்ந்ததும் ஏமாற்றும் காயங்கள். முதல் சில நாட்கள் இறக்கை நன்றாகவே தோன்றும். ரத்த ஓட்டம் நின்றுபோன சதையும் சவ்வும் கறுத்து உதிர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். "மறுநாளே நன்றாகிவிட்டது" என்று விட்ட வௌவால் காட்டில் அழுகி விழுவது இதனால்தான். இந்த இரு வகையையும் குறைந்தது 14 நாள் வைத்திருந்து, தினமும் சவ்வைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். மின்சாரம் பாய்ந்ததில் வாயின் உள்பக்கமும் பாதங்களும் வெந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

இரண்டு பாதமும் முழுதாக இருக்க வேண்டும். வௌவால் ஒரு காலில் தொங்கிக்கொண்டு மறு காலால்தான் உடம்பைச் சீவிச் சுத்தம் செய்கிறது. கிளையில் ஏறவும் பழத்தைப் பிடிக்கவும் கட்டைவிரல் நகம் வேண்டும்; ஒன்று போனால் சமாளிக்கும், இரண்டும் போனால் முடியாது. கோரைப்பற்கள் உடைந்திருக்கக்கூடாது. முன்கை எலும்பு முறிந்து கூடியிருந்தால் எக்ஸ்-ரே எடுத்து, நேராகக் கூடியிருக்கிறதா என்று மருத்துவர் சொல்ல வேண்டும். வளைந்து கூடிய எலும்போடு நீண்ட தூரம் பறக்க முடியாது.

வௌவாலைத் தலையணை உறையில் போட்டு நிறுத்து, உறையின் எடையைக் கழியுங்கள். ஒரு நாள் எடை எதையும் சொல்லாது. இரண்டு வாரம் தொடர்ந்து குறையாமல் நிற்கிறதா என்பதுதான் கணக்கு. நெஞ்செலும்பின் இருபுறமும் தசை உருண்டிருக்க வேண்டும். கத்தி விளிம்பு போல எலும்பு தட்டுப்பட்டால் அது பறக்கும் உடம்பு இல்லை.

கடைசியாகப் பறப்பு. குறைந்தது 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள கூண்டு வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறப்பதை விட, நடுவில் திரும்புவதைக் கவனியுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறதா? பறக்கும்போது உயரம் இழக்கிறதா? இறங்கும்போது கம்பியில் மோதி விழுகிறதா, அல்லது கால் நீட்டிப் பிடிக்கிறதா? ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து திருப்பம் பறந்து, ஐந்து நிமிடத்துக்குள் மூச்சிரைப்பு அடங்க வேண்டும். இதை ஒரு வாரம், தினமும் அந்தி நேரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். கூண்டில் அடைந்து கிடந்த வௌவாலுக்கு முதல் நாள் எதுவும் வராது. தசை திரும்ப வர இரண்டு மூன்று வாரம் எடுக்கும். பழத்தட்டைத் தினமும் எதிர் முனையில் தொங்கவிட்டால் தானாகவே உழைக்கும்.

எந்த மாதம்

தென்னிந்தியாவில் பெரிய பழந்தின்னி பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை ஒற்றைக் குட்டி ஈனும். சுமார் 11 வாரத்தில் குட்டி பறக்கத் தொடங்கும், ஐந்து மாதம் வரை தாய்ப்பால் உண்டு. ஆகவே கையில் வளர்த்த குட்டிகள் ஆவணி, புரட்டாசியில்தான் விடத் தயாராகின்றன. நமது காலநிலையும் அதற்கே ஒத்துவருகிறது. ஆடிக் காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது, தீபாவளி வெடிக்கு இன்னும் சில வாரம் இருக்கும். அந்தச் சில வாரம் முக்கியம். புதிதாக விட்ட குட்டி, கூட்டத்தோடு பழகி முடிப்பதற்குள் வெடிச் சத்தத்தில் சிதறிப்போகக்கூடாது. கோவை மாவட்டத்துக் கிட்டாம்பாளையம் போல, வௌவாலுக்காக வெடியையே விட்டுக்கொடுத்த ஊர்கள் நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட ஊரின் மரம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வேறு வேண்டாம்.

கத்திரி வெயிலில் எந்த வௌவாலையும் விடாதீர்கள். வெப்பம் 42 டிகிரியைத் தாண்டும்போது பழந்தின்னிகள் கூட்டமாகச் செத்து விழும். காட்டு வௌவாலே தாங்காத நாளில், சிகிச்சையிலிருந்து வந்தது எங்கே தாங்கும்? இதற்கு ஒரு விலக்குதான்: பால் கொடுக்கும் தாய். அவள் குட்டி மரத்தில் தனியாகக் காத்திருக்கும். சிறு காயத்தோடு வந்த தாயை ஒன்றிரண்டு நாளில், அதே மரத்துக்கே திருப்பிவிட வேண்டும். குட்டி மார்பில் ஒட்டியிருந்தால் இருவரையும் பிரிக்காமல் ஒன்றாகவே வையுங்கள், ஒன்றாகவே விடுங்கள்.

நாள் குறிக்கும்போது அடுத்த மூன்று இரவுக்கு மழையும் பலத்த காற்றும் இல்லை என்று வானிலை அறிக்கை சொல்ல வேண்டும். ஊரில் திருவிழா, கல்யாண ஒலிபெருக்கி, வாணவேடிக்கை இருக்கிறதா என்று கோயில் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

வளர்ந்த வௌவாலை விடுவது

மூன்று நான்கு வாரத்துக்குள் குணமான வளர்ந்த வௌவாலுக்குக் கூண்டுப் பழக்கம் எதுவும் தேவையில்லை. அது எந்த மரத்தில் அடைந்ததோ அந்த மரத்துக்கே, தெரியாவிட்டால் மீட்ட இடத்துக்கு மிக அருகில் உள்ள கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கூட்டம் அடையும் ஆலமரமோ புளியமரமோ மருதமரமோ எங்கே என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கொண்டுபோகும் பெட்டி 40 செ.மீ.க்குக் குறையாத உயரம் இருக்க வேண்டும். மேலே தொங்கப் பிளாஸ்டிக் வலை, பக்கங்களில் காற்றோட்டம், மேலே இருட்டாக ஒரு துணி. ஒரு பெட்டிக்கு ஒரு வௌவால்தான். பயணத்தின்போது தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், கொட்டி நனைந்து குளிரும். புறப்படும் முன் சாறுள்ள பழத்தை வயிறாரத் தின்னக் கொடுங்கள்.

பெட்டியின் மேல்வலையிலிருந்து பிரித்தெடுக்கும்போது கீழ்நோக்கி இழுக்கவே கூடாது. வௌவாலின் கால்விரல் தசைநாண், உடல் எடை தொங்கத் தொங்கத் தானே இறுகிப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு. இழுத்தால் நகம்தான் பிய்யும். உடம்பைத் துண்டோடு ஏந்தி மேலே தூக்குங்கள். எடை குறைந்ததும் பிடி தானாக விடும்.

நேரம் அந்தி. பகலில் விட்டால் காக்கைகள் துரத்திக் கொத்தும். கூட்டம் பறந்து கிளம்பத் தொடங்கிய பிறகு, அதாவது சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, வௌவாலை மரத்தின் அடியில் எடுங்கள். சொரசொரப்பான பட்டை உள்ள நீண்ட கழியை மரத்தில் சாய்த்துக் கட்டி, அதன் கீழ்ப்பகுதியில் வௌவாலைப் பற்றவிட்டால் போதும். அதுவே ஏறிக்கொள்ளும். காற்றில் வீசிப் பறக்கவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். பழந்தின்னி தொங்கியபடி இறக்கை அடித்து, உடம்பைக் கிடைநிலைக்குக் கொண்டுவந்து, பிறகுதான் காலை விடும். அந்த வரிசையைக் குலைத்தால் தரையில் மோதும். தொங்கும் இடம் தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், எதிரே கிளையும் கம்பியும் இல்லாத வெளி வேண்டும்.

உடனே பறக்காமல் ஒரு மணி நேரம் தொங்கிக்கொண்டு உடம்பை நக்கிக்கொண்டிருந்தால் கவலைப்படாதீர்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் தூரத்தில் உட்காருங்கள். தரையில் விழுந்தால் அது இறக்கையால் துழாவி மரத்தை நோக்கி நகரும். நாய் வராமல் பார்த்துக்கொண்டு, கழியை அருகில் வைத்தால் போதும். இரண்டு முறைக்கு மேல் விழுந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு எடுத்து வாருங்கள்.

கையில் வளர்ந்த குட்டிகள்

இவற்றைக் கழியில் ஏற்றி விட்டுவிட்டு வரமுடியாது. எங்கே பழம் இருக்கிறது என்று சொல்லித்தரத் தாய் இல்லை. மனிதர்தான் சோறு என்று பழகியிருக்கும். தனிக் குட்டியை ஒருபோதும் விடக்கூடாது. வெவ்வேறு மீட்பாளர்களிடம் உள்ள குட்டிகளைச் சேர்த்து, ஐந்தாறாவது ஒரு குழுவாக்கி, விடுவதற்கு நான்கு வாரம் முன்பே மனிதத் தொடர்பை வெட்டுங்கள். புட்டி, தடவல், பேச்சு எல்லாம் நிற்க வேண்டும். முகக்கவசம் போட்ட ஒரே ஆள் மாலையில் வந்து பழம் வைத்துவிட்டுப் போகட்டும். மனசு கேட்காது, தெரியும். ஆனால் மனிதரைத் தேடி இறங்கி வரும் வௌவாலைக் கல்லெடுத்து அடிக்கும் ஆள்தான் முதலில் எதிர்ப்படுவார்.

விடுவிப்புக் கூண்டைக் கூட்டம் அடையும் மரத்திலிருந்து குரல் கேட்கும் தூரத்தில் அமையுங்கள். மின்கம்பியும் முள்வேலியும் அருகில் கூடாது, குறிப்பாகக் கதவு திறக்கும் திசையில். அருகில் குளமோ ஏரியோ வேண்டும். பழந்தின்னி பறந்தபடியே நீரில் வயிற்றை உரசி, பிறகு அந்த ஈரத்தை நக்கித்தான் தண்ணீர் குடிக்கும். பன்றி வளர்க்கும் இடம், மூடாத கிணறு, பதநீர் இறக்கும் பனந்தோப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மலேசியாவில் 1998-99இல் நிபா பன்றிகள் வழியாகத்தான் மனிதருக்குப் பரவியது. வங்கதேசத்தில் வௌவால் வாய்வைத்த ஈச்சஞ்சாறு வழியாக.

கூண்டுக்குப் பிளாஸ்டிக் பூச்சுள்ள பற்றவைத்த கம்பிவலை, கண் அரை அங்குலத்துக்கு மிகாமல். இல்லாவிட்டால் பாம்பு நுழையும். கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோண வலையில் நகமும் சவ்வும் சிக்கிக் கிழியும். கூரையின் ஒரு பகுதிக்கு நிழல்வலை போடுங்கள். கதவு கூண்டின் மேல் மூலையில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராக, கீழே நின்று கயிறு இழுத்தால் திறக்கும்படி இருக்கட்டும்.

குட்டிகள் இந்தக் கூண்டில் இரண்டு மூன்று வாரம் இருக்க வேண்டும். இடத்தின் மணமும் கூட்டத்தின் கூச்சலும் அவற்றுக்குப் பழகும். காட்டு வௌவால்கள் வந்து கூண்டின் மேல் உட்காரத் தொடங்கினால் நல்ல அறிகுறி. தீனியில் கொய்யா, சப்போட்டா, பப்பாளி, வாழை எல்லாம் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக, ஒரு நாளைக்கு உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. இந்த வாரங்களில் தோட்டத்துப் பழத்தைக் குறைத்து, கிளையோடு வெட்டிய ஆலம்பழம், அத்தி, அரசம்பழம், நெட்டிலிங்கப் பழம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். நறுக்கிய துண்டை மட்டுமே தின்று வளர்ந்தது, மரத்தில் காய்த்த பழத்தைப் பழம் என்றே அடையாளம் காணாது. எறும்புதான் நமது ஊரில் பெரிய தொல்லை. தீனிக் கிண்ணத்தைத் தொங்கவிடும் கம்பியின் நடுவே தண்ணீர் நிரப்பிய சிறு குவளையைக் கோத்துவிட்டால் எறும்பு இறங்காது. கிரீஸ் தடவாதீர்கள், அது ரோமத்தில் ஒட்டி நக்கும்போது வயிற்றுக்குள் போகும்.

அடையாளத்துக்குக் கால் நகங்களில் நகப்பூச்சு தடவலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு விரல், வேறு நிறம். சில வாரம் நிற்கும். வளையம், மின்னணுச் சில்லு போன்றவற்றுக்குத் துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

திறக்கும் நாளில் அந்திக்கு முன்பே வழக்கமான தீனியில் பாதியைக் கூண்டுக்குள்ளும் மீதியைக் கூண்டின் வெளிக்கூரையிலும் தொங்கவிட்டு, இருட்டத் தொடங்கியதும் கதவைத் திறந்துவிட்டு விலகுங்கள். விரட்டாதீர்கள். சில அன்றிரவே போகும், சில மூன்று நாள் கழித்து எட்டிப் பார்க்கும். கதவு இரவு முழுதும் திறந்தே இருக்கட்டும், காலையில் எத்தனை உள்ளே என்று எண்ணுங்கள்.

அடுத்த மூன்று வாரம்

கதவைத் திறந்ததோடு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் குட்டிகளைப் பட்டினிக்குத்தான் விடுகிறார்கள். முதல் வாரம் முழு அளவுத் தீனி, இரண்டாம் வாரம் பாதி, மூன்றாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தீனி வேகமாகத் தீர்ந்தால் வெளியே இன்னும் தேடக் கற்கவில்லை என்று பொருள். குறைப்பதை ஒரு வாரம் தள்ளுங்கள். தட்டின் கீழே துப்பிய சக்கையில் நீங்கள் வைக்காத அத்தி விதையும் நாவல் தோலும் தெரிந்தால் பிழைக்கக் கற்றுக்கொண்டது என்று நம்பலாம்.

தினமும் காலையில் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் மின்கம்பி, வேலி, பழத்தோட்ட வலை ஆகியவற்றைப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டும். தோட்டக்காரர்களை முன்பே சந்தித்து, விரல் நுழையாத அளவு சிறிய கண் உள்ள வலையை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். தொளதொளவென்று போர்த்திய நைலான் வலைதான் கொல்லும். தாழ்வான கிளையில் பகலில் தனியாகத் தொங்குவது, மனிதர் நெருங்கியும் நகராதது, இரண்டு நாளாக ஒரே இடம் ஆகியவை எடுத்துவர வேண்டிய அறிகுறிகள். எடுத்துவந்து எடை பாருங்கள்; விட்ட நாள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தால் அந்த ஆண்டு அதை மறுபடி விடாமல், அடுத்த குட்டிகளோடு சேர்த்து விடுவதே நல்லது.

வீட்டு ஓடுகளுக்கிடையே வாழும் சின்னப் பூச்சியுண்ணி வௌவால்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். சில கிராம் எடையே உள்ள அவை தங்கள் பொந்தையும் இரை தேடும் வழியையும் துல்லியமாக அறிந்தவை. எங்கே எடுத்தீர்களோ அதே சுவரருகே, அதே அந்தியில்தான் விட வேண்டும். உடம்பு குளிர்ந்து மந்தமாக இருக்கும்போது பறக்காது. துணிப்பையை உடம்போடு அணைத்து வைத்துச் சூடேற்றி, கையுறை போட்ட உள்ளங்கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். நடுங்கிச் சூடாகி, தானே எழும்பும்.

மூன்றாம் வாரம் முடிந்து பத்து நாள் தீனி தொடப்படாமல் கிடந்தால் கூண்டைப் பிரிக்கலாம். கதவை மூடும் முன் டார்ச் அடித்துக் கூரை மூலைகளைப் பாருங்கள். ஏதாவது ஒன்று பகலில் வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். சக்கையையும் எச்சத்தையும் முகக்கவசத்தோடு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே கூட்டி அள்ளி, ஆழமாகப் புதையுங்கள். காய்ந்த தூசியாகப் பெருக்காதீர்கள். கம்பிவலையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த ஆவணிக்கு ஆகும்.